காவிரிக் குழாய் வந்த பிறகும் ராமநாதபுரத்துக்கு ஊருணி எதற்கு?

கேள்வி, 3 மே 2025

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஊருணி, கண்மாய் தூர்வார வருஷாவருஷம் பணம் ஒதுக்குகிறார்கள். மழையே ஒழுங்காகப் பெய்யாத சீமை. பருவநிலை மாற்றத்தால் இனி இன்னும் மோசமாகும் என்கிறார்கள். திருச்சியிலிருந்து காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது, பக்கத்திலேயே கடல் இருக்கிறது, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை கட்டலாம். பழம்பெருமையைத் தவிர ஊருணியில் என்ன இருக்கிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

3 மே, இரவு

மழை பெய்யாத சீமை என்பதே முதல் கோளாறு. எங்கள் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை 800 மி.மீ.க்கு மேல். ராஜஸ்தான்காரன் கேட்டால் சிரிப்பான். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டிவிட்டுப் போய்விடும், மிச்சம் ஒன்பது மாதம் வெயில். நிலத்துக்கு அடியில் பல இடங்களில் உப்பு. போர் போட்டால் வருகிற தண்ணீரில் பருப்பு வேகாது. ஆகவே மேலே விழுகிறதை மேலேயே பிடித்து வைத்தால்தான் உண்டு. அப்படிப் பிடித்து வைக்கிற ஏற்பாட்டுக்குத்தான் ஊருணி, கண்மாய் என்று பேர்.

நான் முதுகுளத்தூர் பக்கம். அரசு ஊழியரை மிரட்ட 'தண்ணி இல்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்' என்பார்களே, அந்தக் காடு.

4 மே

நேற்று அவசரத்தில் எழுதியது. ஊருணியைப் பார்த்திராதவர்கள் குளம் என்றே நினைத்துக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் ஊரில் தண்ணீர் ஒன்று கிடையாது, மூன்று நான்கு. கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு. குளிக்க, துணி துவைக்க ஒரு ஊருணி. மாடு இறங்க ஒரு குட்டை. குடிக்க மட்டும் தனியாக ஒரு ஊருணி, அதில் செருப்போடு கரை ஏறினால்கூடப் பெரியவர்கள் சத்தம் போடுவார்கள். குடிதண்ணி ஊருணி ஆழமாக, கரை உயர்ந்து இருக்கும். முதல் மழைத் தண்ணீரை அதற்குள் விடமாட்டார்கள். ஊர் அழுக்கு, சாணி, புழுதி எல்லாம் அந்தத் தண்ணீரில்தான் வரும், அது கண்மாய்க்குப் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். இரண்டு மூன்று மழை பெய்து, கண்மாயில் தண்ணீர் தெளிந்த பிறகுதான் ஊருணி வாய்க்காலைத் திறப்பார்கள். யார் திறப்பது, எப்போது திறப்பது என்பதற்கு ஆளும் முறையும் உண்டு.

அப்படியும் தண்ணீர் கொஞ்சம் கலங்கலாகத்தான் இருக்கும். அப்பத்தா மண்பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை, அதாவது தேற்றா மரத்து விதையை, வட்டமாக உரசுவார். பானை வாயிலிருந்து கை முழங்கை வரை உள்ளே போயிருக்கும், கரகரவென்று சத்தம் கேட்கும். பிறகு தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால் காலையில் கலங்கல் எல்லாம் அடியில் படிந்திருக்கும். மேல் தண்ணீரை மட்டும் அகப்பையில் மொண்டு செம்பில் ஊற்றுவார். அடித்தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு. இதில் கிருமி சாகாது, கலங்கல்தான் தெளியும். இதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இதையே 'பாரம்பரிய அறிவியல்' என்று எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

4 மே, சாயங்காலம்

'ஊருணித் தண்ணீர் சுகாதாரமா' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அப்படியே குடித்தால் இல்லை. கரை ஓரமாக மணல், சரளை போட்ட வடிகட்டிக் கிணறு கட்டி, அதில் கைப்பம்பு வைத்து, குளோரின் போட்டால் குடிக்கலாம். பல ஊர்களில் இப்படி இருக்கிறது. பம்பு கைப்பிடி ஒடிந்துபோன ஊர்களும் பல.

7 மே

காவிரிக் குழாயை நான் குறை சொல்வதாகச் சிலர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படிச் சொன்னால் எங்கள் வீட்டுப் பெண்கள் எனக்குச் சோறு போடமாட்டார்கள். ராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களுக்கான கூட்டுக் குடிநீர்த் திட்டம் 616 கோடி ரூபாயில், 2010 வாக்கில் வந்தது. அதற்கு முன் கோடையில் வறண்ட ஆற்றுக்குள் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் சுரண்டிச் சுரண்டி ஒரு குடம் நிரப்ப எவ்வளவு நேரம் ஆகும் என்பது உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். ராத்திரி டார்ச்சோடு போய் ஊற்றில் இடம் பிடிப்பார்கள். அந்தக் காலம் திரும்ப வரவேண்டும் என்று யாரும் ஆசைப்படவில்லை.

என் கேள்வி வேறு. குழாய் திருச்சியில் காவிரிப் படுகையில் ஆரம்பித்து மூன்று நான்கு மாவட்டம் தாண்டி வருகிறது. நடுவில் எங்கே கரண்ட் போனாலும், எங்கே சாலை போடுகிறவன் தோண்டினாலும், கடைமடை ஊர்க்காரனுக்குத் தண்ணீர் இல்லை. வருஷத்தில் பாதி நாள் அது பரவாயில்லை, இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளலாம். இனிமேல் வரப்போகிற மழையும் வெயிலும் 'இரண்டு நாள்' கணக்கில் இருக்காது என்றுதானே எல்லோரும் சொல்கிறீர்கள்?

2018 ஆகஸ்டில் காவிரியில் வெள்ளம் வந்தபோது முக்கொம்பு மேலணையின் கொள்ளிடம் பக்கத்தில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. அது வறட்சியால் வந்த சேதம் இல்லை, தண்ணீர் மிகுந்து வந்த சேதம். 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்தைப் பாருங்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. தாமிரபரணிக் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் சேதமாகி, இடுப்பளவு வெள்ளத்தில் நின்றுகொண்டு மக்கள் குடிதண்ணீர் லாரிக்குக் காத்திருந்தார்கள். ஒரே ஆற்றை, ஒரே குழாயை நம்பினால் வெள்ளத்திலும் தாகம்தான்.

8 மே

தண்ணீர்க் குடம் வைத்துத் தள்ளுகிற தள்ளுவண்டி பற்றி ஒருவர் கேட்டார். வெளியூர்க்காரர் போலிருக்கிறது, எங்கள் பக்கம் அது இல்லாத வீடு கிடையாது. இரும்புச் சட்டம், குடம் உட்காருகிற மாதிரி வளையங்கள், ஆறு குடம், எட்டு குடம் கணக்கில் பட்டறையில் சொல்லிச் செய்வது. சின்னச் சக்கரம். தண்ணீர் தளும்பாமல் இருக்கக் குடத்து வாயில் வேப்பங்கொத்தோ பிளாஸ்டிக் தட்டோ வைப்பார்கள். பெண்ணுக்குச் சீராகக் கொடுத்தவர்கள் உண்டு. குழாய் வந்த பிறகு வண்டி விற்பனை குறைந்திருக்க வேண்டும் இல்லையா? எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர் இன்னும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறார். குழாய் தெருமுனை வரை வந்திருக்கிறது, அழுத்தம் வீட்டுக்கு வரவில்லை.

11 மே

கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீட்டுக்கு வீடு குழாய் போடும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். அதில் குடிக்க, சமைக்க மட்டும் தாராளமாகப் பத்து லிட்டர் வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேர் உள்ள ஊருக்கு வருஷத்துக்கு 36.5 லட்சம் லிட்டர். ஒரு ஏக்கர் ஊருணியில் பத்தடி தண்ணீர் நின்றால் ஏறக்குறைய ஒரு கோடியே இருபது லட்சம் லிட்டர். அதில் வெயில் ஒரு வருஷத்தில் ஐந்தாறு அடி குடித்துவிடும், ஆறடி என்றே வையுங்கள். மிச்சம் நாலடி, 48 லட்சம் லிட்டர். ஆயிரம் பேர் குடித்துச் சமைத்தது போக மீதி இருக்கிறது.

வெயில் எடுத்துக்கொள்வது ஆறடி, நமக்கு நாலடி. அகலமாக, ஆழமில்லாமல் வெட்டினால் மொத்தமும் வெயிலுக்குத்தான். பழைய ஊருணிகள் ஏன் சிறுத்து ஆழமாக இருக்கின்றன என்பது கணக்குப் போட்டபோதுதான் எனக்கே உறைத்தது.

12 மே

பொறியாளர் ஒருவர் வந்து 'கரைச் சரிவை விட்டுவிட்டீர்கள், பத்தடி எல்லா இடத்திலும் நிற்காது' என்கிறார். சரிதான். சரிவைக் கழித்தால் ஒரு ஏக்கர் இழுபறி, ஒன்றரை ஏக்கர் என்றால் நிம்மதி. இதே கணக்கில் 55 லிட்டரையும் ஊருணியில் எடுக்கப் பார்த்தால் வருஷம் முழுக்க வராது. குளிக்க, கழுவக் குழாய்த் தண்ணீர் வேண்டும். ஊருணி குடிக்கிறதுக்கு. நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

19 மே

கடல்நீர் ஆலைக்கு வருகிறேன், நாலைந்து பேர் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இது புதுசு இல்லை. எங்கள் மாவட்டத்திலேயே நரிப்பையூரில் 1990களில் ஆலை வந்தது, அப்போது பெரிய பேச்சு. சென்னையில் மீஞ்சூர் 2010, நெம்மேலி 2013, நெம்மேலியில் இரண்டாவது ஆலை 2024. சென்னைக்கு அது சரி. கூட்டம் ஒரே இடத்தில் இருக்கிறது, செலவைத் தாங்கும். கடல்நீரை ஆயிரம் லிட்டர் குடிநீராக்க மூன்று நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும், அதற்கு மேல் அதை ஊர் ஊராகத் தள்ள வேண்டும். எங்கள் ஊர்கள் நூறு வீடு, இருநூறு வீடு என்று சிதறிக் கிடக்கின்றன. கடற்கரையிலிருந்து கமுதி வரை குழாய் போட்டால் அது இன்னொரு காவிரிக் குழாய்தான், தலை மட்டும் கிழக்கே.

ராமேஸ்வரம், கீழக்கரை, தொண்டி மாதிரிக் கடலோர ஊர்களுக்கு வைத்தால் நியாயம். அவர்கள் குடிக்கிற காவிரித் தண்ணீர் மிச்சமாகி எங்கள் மாதிரி உள்பக்க ஊர்களுக்கு வரும். மிச்ச உப்பைக் கடலில் எங்கே விடுவது, மீன்பிடிக்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்பதை முதலிலேயே பேசிவிடவேண்டும், கட்டி முடித்த பிறகு இல்லை.

அப்புறம் ஊருக்கு ஊர் வந்திருக்கிற ஆர்.ஓ. நிலையங்கள். உப்புப் போர்த் தண்ணீரை வடிகட்டிக் குடம் இவ்வளவு, கேன் இவ்வளவு என்று விற்கிறார்கள். ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு ஒரு குடமாவது, சில இடத்தில் அதற்கு மேலும், இன்னும் உப்பேறிய கழிவு வெளியே போகிறது. அது போகிற இடம் பக்கத்து ஓடை. ஓடை போகிற இடம் கண்மாய். எங்கள் பக்கத்து ஊரில் ஒரு நிலையத்துக்காரர் கழிவுக் குழாயை நேராக ஊருணி வாய்க்காலில் விட்டிருந்தார். கேட்டதற்கு 'அதுவும் தண்ணிதானே' என்றார்.

26 மே

பேச்சு கருவேலமரத்துக்குப் போய்விட்டது, போகட்டும், அதையும் பேசித்தான் ஆகவேண்டும்.

சீமைக்கருவேலைப் பிடுங்கினால் மழை வரும், நிலத்தடி நீர் ஏறும் என்று ஒரு கட்சி. 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டு மாவட்டம் முழுக்க ஜே.சி.பி. ஓடியது. என் அபிப்பிராயம்: கண்மாய் உள்வாயிலும் வரத்துக்காலிலும் நிற்கிறதை மிச்சம் வைக்காமல் எடுக்கவேண்டும், தண்ணீர் வருகிற வழியை அது அடைக்கிறது. கரட்டுக் காட்டில் நிற்கிறதை விட்டுவிடலாம். ஏனென்றால் மழை பொய்த்த வருஷம் எங்கள் ஜனம் சாப்பிடுவது அதில்தான். மரத்தை வெட்டி, அடுக்கி, மண் பூசி மூட்டம் போட்டுக் கரி எடுத்து விற்பார்கள். 2016-ல் வடகிழக்குப் பருவமழை மாநிலத்தில் 62 சதவீதம் குறைவு, அடுத்த ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி என்று அறிவித்தார்கள். அந்த வருஷம் விதைத்த நெல் புழுதியிலேயே கருகியது. கரி மூட்டம் இல்லையென்றால் பாதி ஊர் திருப்பூர் பஸ் ஏறியிருக்கும். மீதிப் பாதி ஏற்கெனவே ஏறியாயிற்று.

வெட்டினாலும் அடிவேரோடு எடுக்காவிட்டால் அடுத்த மழைக்கு இரண்டு மடங்காகத் துளிர்க்கும். எங்கள் கண்மாயில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

2 ஜூன்

முதல் நாள் கேள்விக்கு நான் இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை என்று கேட்டவர் கோபிக்கிறார். தூர்வாரப் பணம் வீணா என்கிறார். பாதி வீண்தான், அதை ஒத்துக்கொள்கிறேன்.

பக்கத்து ஊர் ஒன்றில் நல்ல குடிதண்ணி ஊருணி இருந்தது. வேலை எடுத்தவர் மண்ணுக்குக் காசு என்பதால் ஆழம், ஆழம் என்று தோண்டினார். களிமண் படுகை முடிந்து கீழே வெள்ளை மணல் தெரிந்தது, அப்போதும் நிறுத்தவில்லை. அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து ஊருணி நிறைந்தது. பொங்கலுக்குள் பாதித் தண்ணீர் இறங்கிவிட்டது, மிச்சத் தண்ணீர் பங்குனியில் கரிக்க ஆரம்பித்தது. அடியில் இருந்த உப்பு ஊற்றோடு தொடுப்பு உண்டாகிவிட்டது. இப்போது அதில் தாமரை பூக்கிறது, குடிக்க யாரும் எடுப்பதில்லை. எந்த ஆழத்தில் நிறுத்தவேண்டும் என்பது ஊரில் பழைய ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. அளவெடுக்க வந்தவர்கள் அவர்களைக் கேட்கவில்லை, அவர்களும் கேட்காமல் சொல்கிற ஆட்கள் இல்லை.

இன்னொரு விஷயம், இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். ஊருணியைக் கெடுத்தது அரசாங்கம் மட்டும் இல்லை, குழாயும்தான். குழாய் வந்த மறுவருஷமே எங்கள் ஊரில் ஊருணிக் காவலுக்குக் கொடுத்துவந்த வீட்டு வரியை நிறுத்திவிட்டோம். அடுத்து வாய்க்கால் வெட்டுக்கு ஆள் வருவது நின்றது. பிறகு மாடு இறங்கியது, பிறகு ஒருத்தர் டிராக்டர் கழுவினார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் யாரும் அதைக் குடிக்கவில்லை. குடிக்கிற தண்ணீராக இருக்கிற வரைதான் அதற்குக் காவல். ஆகவே 'அவசரத்துக்கு இருக்கட்டும்' என்று ஊருணியை வைத்திருக்க முடியாது. வாரத்தில் இரண்டு நாளாவது அதில் தண்ணீர் எடுக்கிற ஊரில்தான் அது உயிரோடு இருக்கிறது.

15 ஜூன்

'மழை குறையப் போகிறது என்றால் ஊருணி எப்படி நிறையும்' என்பது நல்ல கேள்வி. எங்கள் அனுபவத்தில் மழை பொய்ப்பது ஒரு பக்கம், ஒரேயடியாகக் கொட்டுவது இன்னொரு பக்கம். 2015 பருவமழையில் மாநிலத்தில் வெள்ளம், 2016-ல் புழுதி. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது, பாம்பனில் மூன்று மணி நேரத்தில் 19 செ.மீ. எங்கள் ஆண்டு மழையில் பாதி ஒரு நாளில்!

ஒரு ஏக்கரில் 10 செ.மீ. மழை விழுந்தால் நாலு லட்சம் லிட்டர். 40 செ.மீ. என்றால் பதினாறு லட்சம். அதில் மூன்றில் ஒரு பங்கு ஓடிவந்தாலும் இருபது இருபத்தைந்து ஏக்கர் நீர்ப்பிடிப்பு நிலம் போதும், ஒரு ஊருணிக்கு வருஷக் குடிதண்ணீர் சேர்ந்துவிடும். சேர்ந்ததா என்றால், பெரும்பகுதி கடலுக்குப் போனது. வரத்துக்கால் அடைபட்டுத் தண்ணீர் தெருவில் ஓடியது, அதை வடியவைக்க மோட்டார் வைத்தார்கள்.

இதற்குத் தகுந்த மாதிரி மாற்றவேண்டியது வாய்க்காலையும் கலுங்கையும். சிறுமழைக்குப் போட்ட மூன்றடி வாய்க்கால் இந்த மழைக்குப் பத்தாது. கலுங்கு வழியாக மிகுதித் தண்ணீர் அடுத்த கண்மாய்க்குப் போகவேண்டும், அங்கிருந்து அதற்கடுத்ததற்கு. பழைய காலத்தில் கண்மாய்களைச் சங்கிலியாகக் கோத்து வைத்தது இதற்குத்தான். வைகை வந்து நிறைக்கிற ராமநாதபுரம் பெரிய கண்மாய், நாரை பறக்காத 48 மடை என்று சொல்லும் ஆர்.எஸ். மங்கலம் கண்மாய், எல்லாம் அந்தச் சங்கிலியில் வருகிறவை. ஒரு கண்ணி அறுந்தால் மேலே உடைப்பு, கீழே வறட்சி, இரண்டும் ஒரே வாரத்தில்.

16 ஜூன்

விவசாயத்தைப் பற்றி எழுதாமல் விட்டுவிட்டேனாம். தனி இழையே வேண்டும். சுருக்கமாக: நெல்லுக்குச் சித்திரைக்கார் மாதிரி வறட்சி தாங்குகிற ரகம், மழைக்கு முன்னே புழுதி விதைப்பு. மழை முடிந்த ஈரத்தில் குண்டு மிளகாய், பருத்தி. மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு வாங்கினார்கள். பண்ணைக்குட்டை வெட்டினவர்கள் இரண்டு தண்ணீர் கூடுதலாகப் பாய்ச்சுகிறார்கள், காய் திரட்சி கண்ணுக்குத் தெரிகிறது. வெட்டாதவர்கள் வானத்தைப் பார்க்கிறார்கள். நான் வெட்டவில்லை, பங்காளிகளுக்குள் வரப்புத் தகராறு.

6 ஜூலை

காவிரி–வைகை–குண்டாறு இணைப்பு வந்தால் எல்லாம் தீரும் என்று ஒருவர் கட்டுரை நீளத்துக்கு எழுதியிருக்கிறார். 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள், கரூர் மாயனூரிலிருந்து குண்டாறு வரை 262 கி.மீ. கால்வாய், 14,400 கோடி ரூபாய்த் திட்டம். வந்தால் சந்தோஷம். ஆனால் அது காவிரியின் வெள்ளத் தண்ணீரை நம்பியது. மேலே வெள்ளம் இல்லாத வருஷம் கால்வாயில் ஆடு மேயும். வெள்ளம் வருகிற வருஷத்தில் அதே ஐப்பசியில் எங்களுக்கும் மழை பெய்தால், வருகிற தண்ணீரை வாங்கிவைக்கக் கண்மாயில் இடம் இருக்கவேண்டும், வரத்துக்கால் திறந்திருக்கவேண்டும். மறுபடி அதே இடத்துக்குத்தான் வருகிறோம்.

வைகை பற்றி ஒரு வார்த்தை. அது கடைசியாகச் சேரும் ஊர் எங்களுடையது. தேனி, மதுரை, சிவகங்கை எல்லாரும் எடுத்தது போக மிச்சம் எங்களுக்கு. கடைமடைக்காரன் எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் முதலில் கேட்பது 'நடுவில் யார் யார்' என்பதைத்தான்.

20 ஜூலை

திருவாடானைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி, 'எங்க ஊர் ஊருணியைச் சரி பண்ண ஆசை, எதில் ஆரம்பிக்கிறது' என்று கேட்டிருக்கிறார். தம்பி, ஊருணிக்குள் இறங்காதீர்கள். ஜே.சி.பி.க்குச் சொல்லிவிடாதீர்கள். முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடம் பார்த்து, ஊருணிக்கு வருகிற வாய்க்காலின் புல எண், அகலம் எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். மழை பெய்கிற அன்றைக்குக் குடையோடு போய் அந்தக் கோட்டில் நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது, எங்கே திரும்புகிறது என்று வரைபடத்தைவிட அது தெளிவாகச் சொல்லும். பிறகு வாய்க்காலை வெட்டுங்கள், பிறகு வடிகட்டிக் கிணறு, தூர்வாருவது கடைசியில். வண்டல் எடுக்க 2024-லிருந்து வட்டாட்சியர் அனுமதியிலேயே விவசாயிகளுக்கு இலவசம், ஆகவே மண் எடுக்க ஆள் தேடவேண்டியதில்லை. களிமண் தெரிந்ததும் நிறுத்த மட்டும் ஒரு பெரியவரைக் கரையில் உட்காரவையுங்கள்.

சர்வேயர் சங்கிலி போடுகிற அன்றைக்குச் சண்டை வரும், அதற்கும் தயாராக இருங்கள். வாய்க்காலை வளைத்து வேலி போட்டிருக்கிறவர் வெளியூர்க்காரராக இருக்கமாட்டார். எங்கள் ஊரில் அது என் சித்தப்பா.